மூளை ஆராய்ச்சி: கொடையாளர் தோளில் அரசின் சுமை?

திருவனந்தபுரம்: கிழக்கே கோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தோடு தமிழும் கலந்தே ஒலிக்கும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சந்தை இது. ஆனால் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இந்நகருக்கு வரும் தமிழர்கள் அனைவரும் சரக்கு வாங்க வருவதில்லை. கையில் ஸ்கேன் படங்களுடன், சாலைக்கு அருகே உள்ள தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குப் பஸ் ஏறுவோரும் உண்டு. அவர்கள் தேடி வருவது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தை.

இந்நிலையம் கொடையில் பிறந்தது. 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள மக்களுக்கும் மாநில அரசுக்கும் வழங்கியது. 1976-ல் அன்றைய திட்டக் குழுத் துணைத் தலைவர் பி.என்.ஹக்சர் மருத்துவ மையத்தைத் திறந்து வைத்தார். பூஜப்புரையில் உள்ள அரண்மனையும் மருத்துவக் கருவிகள் குறித்த ஆய்வுக்காக அளிக்கப்பட்டது.

எனினும், கட்டடம் மட்டுமே ஆராய்ச்சி நிலையம் ஆகிவிடாது. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக அறிவித்தது. மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை பொறுப்பேற்றது. ஊதியமும் கருவிகளும் ஆண்டுதோறும் அரசின் நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றன. கொடை தொடங்கி வைத்தது. கருவூலம் தாங்கி நின்றது.

அதன் பலனை வலிப்பு நோய்ச் சிகிச்சையில் காணலாம். வலிப்பு நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினருக்கு மருந்தே போதும். மற்றவர்களில் சிலருக்கு, வலிப்பு தோன்றும் இடத்தை மூளையில் துல்லியமாகக் கண்டறிந்து அப்பகுதியை அகற்றினால் விடுதலை கிடைக்கும். நரம்பியல் நிபுணர் கே.ராதாகிருஷ்ணனின் முயற்சியில் இத்தகைய அறுவைச் சிகிச்சை 1995-ல் இங்கு தொடங்கியது. வலிப்பு நோயுள்ள பெண்களின் கர்ப்ப காலத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் பதிவேடு 1998 முதல் பராமரிக்கப்படுகிறது. இங்குள்ள வலிப்பு நோய்ச் சிகிச்சை மையமும், அறப்பணிகளுக்காக அறியப்பட்ட கொச்சித் தொழிலதிபர் ஆர்.மாதவன் நாயரின் பெயரைத் தாங்கியதே.

இந்நோய் குறித்த மூடநம்பிக்கை சட்டப் புத்தகத்திலும் இருந்தது. மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய சொற்களை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நாடாளுமன்றம் நீக்கியது 1999-ல்தான். மருத்துவம் வளர்ந்தபின் சட்டம் திருந்தியது.

புதிய தலைமுறைக் கொடையாளர்களில் முக்கியமானவரும் திருவனந்தபுரத்தில் பிறந்தவரே. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதீக்ஷா அறக்கட்டளை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆய்வு மையம் அமைக்க ரூ.225 கோடி வழங்குவதாக 2014-ல் உறுதியளித்தது. கர்நாடகத்தின் சீனிவாசபுர வட்டாரத்தில் 45 வயதைக் கடந்த கிராமத்தினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து மறதி நோயின் காரணங்களை ஆராய்கிறது அம்மையம். சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2022-ல் தொடங்கப்பட்டது. கருவிலுள்ள சிசுவின் மூளையைச் செல் அளவில் காட்டும் வரைபடத் தொகுப்பை அது 2024-ல் வெளியிட்டது.

இவை போற்றத்தக்கவை. ஆனால் சிலரின் பெருந்தன்மையையே தேசியக் கொள்கையாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தின் பின்னணியில் ஒரு கணக்கு உள்ளது. 5 ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டப்படும். அதில் அரசின் பங்கு ரூ.14,000 கோடி, எஞ்சிய ரூ.36,000 கோடி தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் உள்ளிட்ட பிற வழிகளில் வரும் என்று அரசு எதிர்பார்த்தது. 2020-21-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதமே ஆராய்ச்சிக்குச் செலவிடப்பட்டது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொடையை எதிர்பார்க்கும் அரசு, அதற்கான ஊக்கத்தைக் குறைத்தது ஏன்? அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சி அமைப்புகளுக்குத் தொழில் நிறுவனம் நன்கொடை அளித்தால், அத்தொகையில் 175 சதவீதத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ள முன்பு வரிச் சட்டம் அனுமதித்தது. 2016 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தவாறு, அது 2017-ல் 150 ஆகவும் 2020-ல் 100 ஆகவும் குறைந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கு வழங்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஆண்டறிக்கையில் காட்டத்தக்க பலனை நாடும் நிறுவனத்துக்கு, பள்ளிக் கட்டடமும் குடிநீர்த் தொட்டியும் எளிய தேர்வு. மூளை ஆராய்ச்சியோ பத்தாண்டு, இருபதாண்டு பொறுமையைக் கேட்பது.

கொடையாளர் தமக்கு விருப்பமான நோயைத் தேர்ந்தெடுக்கலாம்; அது அவர் உரிமை. யாரும் தேர்ந்தெடுக்காத நோய்க்கும் மருந்து தேட வேண்டியது அரசின் கடமை. தம்பானூரில் இறங்கும் நோயாளியின் கையில் உள்ள ஸ்கேன் படம் எந்தச் செல்வந்தரின் கவனத்தையும் ஈர்க்காமல் போகலாம். அவருக்காகவே 1980-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கொடையைப் பொறுப்பாக மாற்றிய அந்த முன்னுதாரணம் இருக்க, பொறுப்பையே கொடையாக மாற்ற முயல்வது முறையாகுமா என்று இன்றைய உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும்.