'என் பையன் நல்லா படிப்பான்'... இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்?

வகுப்பு ஆசிரியருக்கு ஓர் அம்மா ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையன் நன்றாகப் படிக்கிறவன். காய்ச்சலால் இந்த முறை மதிப்பெண் குறைந்துவிட்டது. இதுதான் செய்தி. முதல் வரியை, 'மை சன் வில் ஸ்டடி வெல்' என்று தொடங்குகிறார். எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. போனில் சிவப்புக் கோடு விழாது. ஆனால் படிப்பவருக்குப் போய்ச் சேரும் பொருள், 'என் பையன் இனிமேல் நன்றாகப் படிப்பான்' என்பது. அப்படியென்றால் இதுவரை படிக்கவில்லையா? பெருமையாகச் சொல்ல வந்தது, மன்னிப்புக் கடிதம் போல ஆகிவிட்டது.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை இல்லை இது. தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வந்தது! 'படிப்பான்' என்பதை எதிர்காலம் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் பேசும்போது வழக்கமாக நடப்பதைச் சொல்லவும் அதைத்தான் எடுக்கிறோம். 'தாத்தா அஞ்சு மணிக்கே எழுந்திருப்பார்', 'பக்கத்து வீட்டு அக்கா நல்லா பாடுவாங்க'. இதெல்லாம் நாளைக்கு நடக்கப்போவது இல்லை, தினமும் நடப்பது. ஆங்கிலத்தில் தினமும் நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: 'ஹீ ஸ்டடீஸ் வெல்'. 'வில்' என்ற சொல்லுக்கும் வழக்கத்தைக் குறிக்கும் பயன்பாடு உண்டு. ஆனால் இப்படித் தனியாக ஒரு வரி எழுதினால் எதிர்காலமாகத்தான் படிப்பார்கள்.

'ஹீ கோ' என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறோம். அதில் எந்த ஆபத்தும் இல்லை, பொருள் புரிந்துவிடும். பார்ப்பதற்குச் சரியாக இருந்து, வேறொன்றைச் சொல்லிவிடும் வாக்கியங்கள்தான் நம்மை மாட்டிவிடுகின்றன.

'ஹேட்' போட்டால் ஒரு கேள்வி வரும்

'நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்.' தமிழில் இது முழுமையான வாக்கியம். அதையே 'ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் எஸ்டர்டே' என்று எழுதினால், ஆங்கிலம் படிப்பவர் 'சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது?' என்று காத்திருப்பார். கடந்த காலத்தில் நடந்த இரண்டு விஷயங்களில், எது முதலில் நடந்தது என்று காட்டத்தான் 'ஹேட்'. ஒன்றே ஒன்று நடந்திருந்தால் 'ஐ கேம்' போதும். வங்கிக்கு எழுதும் புகாரிலும் 'ஐ பெய்ட் தி அமவுன்ட் ஆன் 5 ஜூன்' என்று எழுதினாலே போதும். நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் 'ஹேட்' போட்டால் மரியாதையாக இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் போல, வரிக்கு வரி அது வந்து நிற்கிறது.

ஆனால் தேவையான இடத்தில் அதை விட்டாலும் சிக்கல்தான். திருட்டு பற்றிப் புகார் எழுதுகிறீர்கள். 'வென் ஐ கேம் ஹோம், ஹீ லெஃப்ட்' என்றால், நீங்கள் வந்தீர்கள், அவன் கிளம்பினான். அவனைப் பார்த்திருப்பீர்கள் என்று பொருள் வரும். 'வென் ஐ கேம் ஹோம், ஹீ ஹேட் லெஃப்ட்' என்றால், நீங்கள் வருவதற்கு முன்பே அவன் போய்விட்டான். நீங்கள் நேரில் கண்ட சாட்சியா இல்லையா என்பதே இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் 'ஹேவ்' விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். 'ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். '2020-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதனால் நமக்கு 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2020' என்று வந்துவிடுகிறது. 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, முடிந்துபோன ஒன்றுக்கு ஆண்டு குறிப்பிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்' சரி. அதே வரியில் 'இன் 2019' என்று சேர்த்தால் 'ஐ கம்ப்ளீட்டட்' என்று மாற்ற வேண்டும்.

'இங்' போடும் ஆசையும் தமிழ் தந்ததுதான். 'போகிறேன்' என்ற ஒரே சொல், 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' இரண்டுக்கும் பொருந்தும். எதைப் போடுவது என்ற குழப்பத்தில் எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுவிடுகிறோம். 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று எழுதினால், இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது என்று வாழ்த்தும் சொல்லிவிடுவார்கள்! 'ஐ ஹேவ்' என்றாலே போதும். இந்தப் பழக்கம் தமிழர்களுக்கு மட்டும் உரியது இல்லை. மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசகீல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்ற கவிதையில் இதை வைத்தே கிண்டல் செய்திருக்கிறார்.

ஒற்றை 'எஸ்' படுத்தும் பாடு

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள்... ஆளுக்கு ஒரு விகுதி வைத்திருக்கும் மொழி நம்முடையது. மூன்று வயதுக் குழந்தைகூட இதில் தடுமாறாது. ஆங்கிலத்தில் சாதாரண வினைச்சொற்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விகுதி. ஹீ, ஷீ, இட் வந்தால் நிகழ்காலத்தில் ஓர் 'எஸ்'. இத்தனை விகுதிகளைச் சமாளிக்கிற நாம் அந்த ஒன்றில் வழுக்கி விழுகிறோம்!

அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்திலேயே இதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நார்விச் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து பீட்டர் ட்ரட்கில் 1974-ல் வெளியிட்ட புத்தகத்தில், உழைக்கும் வர்க்கத்தினர் இந்த 'எஸ்'ஸை அடிக்கடி விட்டுவிடுவதைப் பதிவு செய்திருக்கிறார். பொருளுக்கு அது தேவையே இல்லை. ஆனால் எழுதியவர் எவ்வளவு படித்தவர் என்று எடைபோட அதைத்தான் பார்க்கிறார்கள். நியாயமில்லைதான். இருந்தாலும் விண்ணப்பத்தில் அது இருந்தாக வேண்டும்.

'இல்லை' என்று சொல்லும் வாக்கியங்களில் தமிழே கைகொடுக்கும். நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. 'போக' மாறவே இல்லை, பார்த்தீர்களா? 'டிட் நாட் கோ' என்பதில் வரும் 'கோ'வும் இந்தப் 'போக' மாதிரிதான். காலத்தை 'டிட்' சுமக்கிறது, 'எஸ்'ஸை 'டஸ்' சுமக்கிறது. ஒரு சுமையை இரண்டு பேர் தலையில் ஏற்றினால்தான் 'டிட் நாட் வென்ட்', 'டஸ் நாட் ஹேஸ்' எல்லாம் வருகின்றன.

ஈஸ், ஆர் குழப்பத்துக்கும் நம் பேச்சில் காரணம் இருக்கிறது. 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு'. அஃறிணை என்றால் ஒருமையும் பன்மையும் பேச்சில் ஒன்றுதான். அதனால் 'தி புக்ஸ் ஈஸ்' என்று எழுதினாலும் காதுக்கு உறுத்துவதில்லை. 'எல்லோரும் வந்தார்கள்' என்பது பன்மை. அதனால் 'எவ்ரிஒன் ஆர்' என்று கை போகிறது. ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன்' ஒருமை, ஆகவே 'ஈஸ்'. 'போலீஸ்' பன்மை, ஆகவே 'ஆர்'. அப்பாவைப் பற்றி எழுதும்போது மரியாதைக்காக 'ஆர்' போடக் கூடாது, 'மை ஃபாதர் ஈஸ்' தான். மரியாதைப் பன்மை ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. 'நீ' என்பதற்கு 'தௌ' என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். 'நீங்கள்' என்ற இடத்தில் இருந்த 'யூ', மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஒரே ஆளிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்று சொல்வது அதனால்தான்.

நீளமான வாக்கியத்தில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் ஏமாற்றும். 'தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதியதும் கண் 'ஸ்டூடன்ட்ஸ்' மீது விழுந்து, கை 'ஆர்' போட்டுவிடும். ஒட்டப்போவது மாணவர்களையா, பட்டியலையா? பட்டியலைத்தான். அதனால் 'ஈஸ்'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்பதிலும் வந்தவர் ஒருவர்தான், ஆகவே 'ஈஸ்'. ஆனால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்பதில் உள்ள 'எஸ்'ஸை விட்டுவிடாதீர்கள். பல நண்பர்களில் ஒருவர் அல்லவா!

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 'இந்தியா ஆர் 200 ஃபார் 3' என்கிறார்களே, ஓர் அணிக்கு எப்படி 'ஆர்'? பிரிட்டிஷ் வழக்கில் அணியைப் பதினோரு பேராகப் பார்க்கிறார்கள். அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 'ஈஸ்' தான். கமிட்டி, கவர்ன்மென்ட், ஸ்டாஃப் போன்ற சொற்களுக்கும் இதே கதைதான். எதை எடுத்தாலும் சரி. ஒரே கடிதத்தில் மேல் வரியில் 'தி கமிட்டி ஹேஸ்' என்றும் கீழ் வரியில் 'தி கமிட்டி ஹேவ்' என்றும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.