தள்ளிவிட்டால் ஓடும் மோட்டார்

தச்சுப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்பா காலத்து டேபிள் சா. ஒன்றரை எச்.பி., சிங்கிள் ஃபேஸ். ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. பெல்ட்டைக் கையால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் கிளம்பிவிடும், அப்புறம் ஒழுங்காக ஓடும். காயில் கட்டச் சொல்கிறார் ஒருவர். மோட்டாரையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?”

இரண்டுக்குமே அவசரம் வேண்டாம். பிரதான காயில் கருகிய மோட்டாரை எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் ஒழுங்காக ஓடாது. புகையும், ஃபியூஸைப் போக்கும். இழுத்துவிட்டால் ஓடுகிறது என்கிறாரே, அதிலேயே கோளாறு பாதிக்கு மேல் பிடிபட்டுவிடுகிறது.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். பெல்ட்டைக் கையால் இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கிளம்புகிற மோட்டார் விரலைப் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, இந்த நிலையில் உள்ள மோட்டாருக்குத் திசையே தெரியாது. எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அந்தப் பக்கம் முழு வேகத்தில் ஓடும். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு, சரியான திசையில் அறுக்கும்போது இறுகும்படி மரை வெட்டப்பட்டது. தலைகீழாகக் கிளம்பினால் அது தளரலாம்.

இந்தத் திசை தெரியாத குணத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் பிரதான காயிலில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் சுற்றுவதில்லை. ஒரே கோட்டில் வளர்ந்து, தேய்ந்து, வடக்கும் தெற்கும் இடம் மாறி, மறுபடி வளர்கிறது. நொடிக்கு 50 முறை இதே கூத்து. நடுவில் இருக்கும் ரோட்டாருக்கு வெளியிலிருந்து ஒரு கம்பி இணைப்பும் கிடையாது. இரும்புத் தகடுகளுக்குள் வார்த்த அலுமினியக் கம்பிகளின் கூண்டு அது. புலம் மாறுவதால் அதற்குள் தூண்டப்படும் மின்னோட்டத்தை வைத்துத்தான் அதன் பிழைப்பு. முன்னும் பின்னும் மட்டும் ஆடுகிற புலம் அந்தக் கூண்டை எந்தப் பக்கம் சுழற்றும்? எந்தப் பக்கமும் சுழற்றாது. நின்ற இடத்திலேயே உறுமும்.

காலால் மிதிக்கும் தையல் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மிதிபலகை மேலும் கீழும்தான் ஆடும். சக்கரம் சுற்றவேண்டுமானால் முதலில் மேல்சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தவறான பக்கம் தட்டினாலும் கால் மிதிப்பது அதே மிதிதான். சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், நூல் அறும், அம்மா திட்டுவார். இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்து அவனுக்கும் ஒரு மிதிபலகை கொடுங்கள். அம்மாவின் பலகைக்குக் கால்சுற்று முன்னதாக அவன் மிதிக்கிறான். இனிக் கையால் தட்டவே வேண்டாம். இருவரும் மிதிக்கிற வரிசையே சக்கரத்துக்குத் திசையைச் சொல்லிவிடும். பையன் ஒல்லி, நெடுநேரம் மிதித்தால் கால் வீங்கிவிடும். ஆகவே சக்கரம் முக்கால் வேகம் எட்டியதும் அவன் எழுந்து விளையாடப் போய்விட வேண்டும், மெஷின் நிற்கும்போது சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் தூங்கிப்போனால் என்ன ஆகும், எழுந்துபோக மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

தட்டிய வேகத்தைத் தையல் மெஷினில் காப்பாற்றுவது சக்கரத்தின் எடை. மோட்டாரில் காரணம் வேறு. அது இன்னும் அழகு. ஒரே கோட்டில் ஆடும் புலத்தை, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு அரைவலுப் புலங்களின் கூட்டு என்று எழுதலாம். வெறும் கணக்கு வித்தை என்று தோன்றும்; ரோட்டார் அப்படி நினைப்பதில்லை. அது நின்றிருக்கும்போது இரண்டு புலங்களும் அதை 50 ஹெர்ட்ஸில்தான் கடக்கின்றன, ஒரே வலுவோடு எதிரெதிரே இழுக்கின்றன. மிச்சம் பூஜ்ஜியம். இப்போது ஒரு பக்கம் தள்ளிவிடுகிறீர்கள். அந்தப் பக்கம் சுழலும் புலம் ரோட்டாருக்கு மெதுவாகத் தெரிகிறது, எதிர்ப்புலம் வேகமாகத் தெரிகிறது. நிமிடத்துக்கு 1440 சுற்று என்று பெயர்ப்பலகையில் போட்ட மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் புலத்தின் வேகம் 1500. முழுச் சுமையில் ஓடும்போது, கூடவரும் புலத்தால் ரோட்டாரில் தூண்டப்படும் மின்னோட்டம் வெறும் 2 ஹெர்ட்ஸ். எதிர்ப்புலத்தால் தூண்டப்படுவது 98 ஹெர்ட்ஸ்.

இங்கேதான் அலுமினியக் கூண்டின் பாரபட்சம் வேலை செய்கிறது. எந்தக் காயிலும் வேகமாக மாறும் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். 2 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் தன் புலத்தோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்து, சரியான நேரத்தில் முறுக்கு விசையைத் தருகிறது. 98 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் அளவில் குறைந்ததல்ல, ஆனால் கால்சுற்று நெருங்கத் தாமதித்து வந்து சேர்கிறது. பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியின் நிலைமைதான்; அதன் இழுப்பில் பெரும்பகுதி வீண். ஆகவே முன்பக்க விசை ஜெயிக்கிறது, வேகம் கூடுகிறது, கூடக்கூட எதிர்ப்புலம் இன்னும் பலமிழக்கிறது. ஒரு தள்ளில் கிடைத்த சின்னச் சாய்வு முழு வேகமாக வளர்வது இப்படித்தான். தோற்ற எதிர்ப்புலம் முற்றிலும் போய்விடுவதும் இல்லை. நல்ல நிலையில் உள்ள சிங்கிள் ஃபேஸ் மோட்டாரிலும் கையை வைத்தால் உணரும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வில் அதற்கும் பங்குண்டு.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்காக: 1824இல் அரகோ சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியைக் கூடவே இழுப்பதைக் கண்டார். 1885இல் இத்தாலியின் ஃபெராரிஸ் கால்சுற்று விலகிய இரண்டு மின்னோட்டங்களால் சுழலும் புலத்தை உண்டாக்கினார்; திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது என்று தவறாகக் கணக்குப்போட்டு, தொழிலுக்கு உதவாது என்று விட்டுவிட்டார். 1888இல் டெஸ்லா காப்புரிமை வாங்கினார், புகழையும் வாங்கினார். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மீதியைச் சொல்வார்கள்.

பட்டறைக்குத் திரும்புவோம். அந்தப் பையன், மெல்லிய கம்பியில் சுற்றிய இரண்டாவது காயில். அவனைக் கால்சுற்று முன்னதாக மிதிக்கவைப்பது, காயிலோடு தொடராக இணைத்த கண்டென்சர். முக்கால் வேகத்தில் அவனை எழுப்பிவிடுவது ரோட்டார் தண்டில் உட்கார்ந்திருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச்: வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து, தொடுமுனையைப் பிரித்துவிடும். உறுமி நிற்கிற, தள்ளினால் ஓடுகிற மோட்டாரில் இந்த மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். பிரதான காயிலுக்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு அந்த உறுமலே சாட்சி. உறுமலே இல்லாத மௌனம் வேறு விவகாரம். அங்கே ஸ்விட்ச், ஒயர், ஓவர்லோடு பட்டன் என்று வெளியிலிருந்து தேட வேண்டும்.

மூன்றில் முதல் சந்தேகம் கண்டென்சர். கிளப்புவதற்கு மட்டுமான கண்டென்சர் எலக்ட்ரோலிட்டிக் வகை, 100 மைக்ரோஃபாரடும் அதற்கு மேலும் இருக்கும், சில நொடி வேலைக்கென்றே செய்தது. வருடக்கணக்கில் உள்ளே இருக்கும் திரவம் உலரும், உடம்பு வீங்கும். ஓடும்போதும் இணைப்பிலேயே இருக்கும் வகை, உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தால் ஆனது. படலத்தில் எங்காவது பொத்தல் விழுந்தால் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி அந்த இடம் தானே துண்டித்துக்கொள்ளும். விளம்பரங்களில் இதைத் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் தொழில்நுட்பம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பொய்யில்லை, ஒவ்வொரு குணமாதலுக்கும் கொஞ்சம் பரப்பு காவு போகிறது என்பதை மட்டும் சின்ன எழுத்தில்கூடப் போடமாட்டார்கள். மைக்ரோஃபாரட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், மேலே அச்சிட்ட அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் மிச்சமிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரம் அல்ல. ஒரு குண்டு பல்பை இரு முனையிலும் சேர்த்துப் பிடித்து இறக்கிவிடுங்கள்.

“கொஞ்சம் பெரிசாப் போட்டுக்கலாம்ணே, நல்லா இழுக்கும்” என்று கடையில் சொல்வார்கள். போடாதீர்கள். எப்போதும் இணைப்பில் இருக்கும் கண்டென்சர் பெரிதானால் மெல்லிய காயிலில் மின்னோட்டம் கூடிச் சூடேறும்.

கண்டென்சர் நன்றாக இருந்தால் அடுத்தது சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச். மரப்பட்டறையில் அதற்கு எதிரி மரத்தூள். பிசினுள்ள மரத்தின் தூள் எண்ணெயோடு சேர்ந்து பற்றிக்கொண்டு குண்டுகளைச் சிக்கவைக்கும், தொடுமுனைக்கு நடுவே படிந்து பிரித்தே வைக்கும். அது பையன் தூங்கிப்போன கதை. மோட்டாரை அணைத்ததும் வேகம் தணியும்போது ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும், அதுதான் அவன் இடத்துக்குத் திரும்பும் சத்தம். அந்த டிக் கேட்கவில்லையென்றால் பின்மூடியைக் கழற்றுங்கள். ஊதித் துடைத்து, தொடுமுனையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். எழுந்துபோக மறுக்கும் பையன் இதைவிட மோசம். தொடுமுனை ஒட்டிக்கொண்டால் மெல்லிய காயில் முழுநேரமும் மின்னோட்டத்தில் வெந்துகொண்டிருக்கும், கண்டென்சர் வெடிக்கும். அப்போதுதான் காயில் கட்டுபவருக்கு உண்மையான வேலை வரும்.

உறுமும் மோட்டாரை, கிளம்பிவிடும் என்ற நம்பிக்கையில் விட்டுவைக்கவும் கூடாது. நின்ற மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். காயிலில் சூடு இருமடியாக ஏறும், அதாவது 25 முதல் 50 மடங்கு. விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் நிற்கிறது. இரண்டு மூன்று நொடிக்குள் அணைத்துவிடுங்கள்.

பெரிய மரவாடிகளில் உள்ள த்ரீ ஃபேஸ் மெஷினுக்குக் கண்டென்சரும் வேண்டாம், இந்த ஸ்விட்சும் வேண்டாம். மூன்று ஃபேஸும் சேர்ந்தாலே புலம் சுழலும். ஆனால் ஒரு ஃபேஸ் போய்விட்டால் அதுவும் நம் வாசகரின் மோட்டார்தான். நின்றிருந்தால் உறுமும், ஓடிக்கொண்டிருந்தால் சூடேறியபடி ஓடும். டூ ஃபேஸ் நேரத்தில் பம்புசெட்டுக்குக் கண்டென்சர் போட்டு ஓட்டும் விவசாயிகள், மேலே சொன்ன பையனைத்தான் கிணற்றடியில் உட்காரவைக்கிறார்கள்.

இதே கண்டென்சரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, பச்சை விளக்கு ஒன்றையும் வைத்து, பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கிறார்கள். நம் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது யூனிட்டை. அந்தக் கண்டென்சர் யூனிட்டைத் தொடுவதே இல்லை. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லும் ஸ்மார்ட் சென்சாரும் வந்திருக்கிறது. ஆளில்லாமல் நூறு மோட்டார் ஓடும் ஆலைக்கு அது உபயோகப்படும். ஒரே ஒரு டேபிள் சாவின் பக்கத்தில் நிற்பவருக்குக் காது இருக்கிறது.

புதிதாக மூன்று எச்.பி. வாங்கலாமா என்றும் வாசகர் பின்குறிப்பில் கேட்டிருந்தார். 6 ஆம்பியர் பிளக்கோடு வரும் மெஷினில் 3 எச்.பி. என்று ஒட்டியிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 230 வோல்ட், 6 ஆம்பியர், உள்ளே போவதே 1380 வாட். மூன்று எச்.பி. வெளியே வர 2238 வாட் வேண்டும். ஸ்டிக்கருக்குச் செலவு குறைவு.

மோட்டார் கிளம்பி, அறுக்கும்போது மட்டும் திணறினால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். இழுவிசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230 என்பது 180 ஆனால் மிஞ்சுவது 61 சதவீதம். நீண்ட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரே இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதுவும் சரியாக இருந்து, அறுத்த முகத்தில் கருகிய கோடு விழுந்தால் மோட்டாரை விட்டுவிடுங்கள். பிளேடைப் பிசின் போகக் கழுவிச் சாணைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்த பிறகும் கருகினால், பிளேடுக்கும் மரத்தை அணைக்கும் பக்கக் கட்டைக்கும் உள்ள இடைவெளி பிளேடின் முன்பல்லில் எவ்வளவு, பின்பல்லில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.