நரியின் குடலில் ஒளிந்திருக்கும் நாடாப்புழு

நாயின் மலத்தில் நாடாப்புழுவின் முட்டையைக் கண்டுவிட்டால் வியாதி இன்னதென்று விளங்கிவிடும் என எண்ணுவது இயல்பே; ஆனால் டீனியா என்னும் சாதாரண நாடாப்புழுவின் முட்டையும், மனிதரின் கல்லீரலையே அரித்துவிடக்கூடிய நரி நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் இரட்டைப் பிள்ளைகளைப்போல் பேதமின்றித் தோன்றுவதால், அதைமட்டும் நம்பி நிர்ணயம் செய்ய இயலாது. ஆகையால் ஐரோப்பிய ஆய்வாளர்கள், இறந்த நரியின் சிறுகுடலை, முட்டைகள் மாளும்பொருட்டு மைனஸ் 80 டிகிரிக் குளிரில் சில தினங்கள் வைத்திருந்து, பிறகு உட்சுவரைச் சுரண்டிக் கழுவி, அடியில் படியும் வண்டலில் 5 மில்லிமீட்டரைக்கூட எட்டாத வெண்புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் காரியந்தான்! உயிருள்ள நாய்க்கு இது ஏற்காதாகையால், அதன் மலத்தில் புழு விடும் புரதத்தையோ, பி.சி.ஆர். முறையால் புழுவின் மரபணுவையோ தேடுகிறார்கள். பூனையின் வாலடியில் வெள்ளரி விதைபோல் ஒட்டியிருக்கும் துண்டுகளோ, தெள்ளுப்பூச்சி வழியாக வரும் வேறொரு புழுவினுடையவை. அவற்றுக்குக் கண்ணே போதும்.