புகைப்படத்தில் நிறத்தெரிவு: தலவிலக் கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

அன்றாட வாழ்வில் எடுக்கப்படும் புகைப்படங்களிலே அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பெருகி வருதலை அவதானிக்கலாம். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாக இருக்கும். ஒரு குழந்தையின் சட்டையோ, ஒரு குடையோ, ஒரு மலரோ மாத்திரம் தன் நிறத்தோடு விளங்கும். இதனை நிறத்தெரிவு என நாம் வழங்கலாம். பெரும்பாலோர் இதனை வெறும் அலங்காரமெனக் கொள்வர். ஆயின், எதற்கு நிறம் அளிப்பது, எதனிடமிருந்து அதனைப் பறிப்பது என்னும் முடிவு, பார்க்கத் தகுந்தது எது என்பது பற்றிய தீர்ப்பே ஆகும். தீர்ப்புகள் யாவும் சமூகத்திற் பிறப்பன. அவ்வகையில் நிறத்தெரிவின் செய்முறையையும் வரலாற்றையும் விளக்கி, அது எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதைப் புத்தளம் மாவட்டத்துத் தலவிலக் கரையை உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலிற் செய்முறையைக் கவனிப்போம். இன்றைய கமராவினுள் உள்ள ஒளியுணரிகள் ஒளியின் அளவை மட்டுமே அறிவன, நிறத்தை அறியா. எனவே அவற்றின் மீது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நுண்ணிய வடிகள் பரப்பப்பட்டுள்ளன. அவற்றுட் பாதி பச்சை. எஞ்சிய பாதியைச் சிவப்பும் நீலமும் பகிர்ந்துகொள்கின்றன. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவரின் இவ்வமைப்புக்கு 1976இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இதனால் இன்றைய புகைப்படம் பொதுவாகப் பிறக்கும்போதே நிறத்தோடு பிறக்கிறது. கறுப்பு வெள்ளை என்பது பின்னர் நிறத்தை நீக்கிப் பெறுவதாகும்.

நிறத்தெரிவு இரு வழிகளில் நிகழும். ஒன்று, குறிப்பிட்ட நிறமொன்றைத் தெரிந்து அதனை மட்டும் விட்டுவைத்தல். சிவப்பைத் தெரிந்தால், குழந்தையின் சட்டை மட்டுமன்றி, பின்னால் நிற்கும் முன்பின் அறியாத ஒருவரின் சிவப்புச் சாரமும் நிறத்தோடு எஞ்சும். மற்றையது, பொருளைத் தெரிதல். இதில் முன்னே நிற்கும் மனிதர் பின்னணியிலிருந்து பிரிக்கப்பட்டு அவருக்கு மட்டும் நிறம் வழங்கப்படும். முன்னர் கையினாற் பொறுமையோடு செய்யப்பட்ட இவ்வேலையைக் கையடக்கத் தொலைபேசி தானே செய்யும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்தியது. முன்னே நிற்பவர் முக்கியமானவர், பின்னே நிற்போர் பின்னணி என்னும் எடுகோள் இவ்வாறு கருவியினுள்ளேயே அமைந்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

2

நிறத்தெரிவு புதியதொன்றன்று. டாகேரின் முறை 1839இல் பாரிஸில் பகிரங்கப்படுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே படங்களின் மீது தூரிகையால் நிறம் தீட்டத் தொடங்கிவிட்டனர். 1860களில் யொக்கோஹாமாவில் தொழில் நடத்திய பெலிச்சே பியாத்தோ, தம் படங்களுக்கு நிறந்தீட்ட யப்பானிய ஓவியர்களை அமர்த்தினார். லூமியர் சகோதரரின் நிறத்தட்டு 1907இலும், கொடாக்குரோம் 1935இலுமே விற்பனைக்கு வந்தன. அதற்குப் பின்னரும் நிறப்படச் சுருள் எளியோருக்கு எட்டாத விலையிலேயே நெடுங்காலம் இருந்தமையால், நிறந்தீட்டுந் தொழில் உடனடியாக மறைந்துவிடவில்லை.

இலங்கையிலே 1890இல் கொழும்பில் நிறுவப்பட்ட பிளாற்றே நிறுவனம் ஏராளமான அஞ்சலட்டைகளை வெளியிட்டது. அவற்றுட் பல நிறந்தீட்டப்பெற்றவை. இத்தகைய அஞ்சலட்டைகளைப் பெரிதும் வாங்கியோர் குடியேற்றவாதிகளும் வெளிநாட்டுப் பயணிகளுமே. அவர்தம் கண்ணுக்கு ஏற்றவாறே தென்னையும், கடலும், உழைப்போரின் உடையும் நிறம் பெற்றன. உழைப்பாளர் அங்கு மனிதராக அன்றிக் காட்சிப் பொருளாகவே நிறம் பெற்றனர் எனலாம்.

ஸ்ரூடியோக் குடும்பப் படத்தின் நிலை வேறு. முற்காலத்துத் தட்டுகள் சிவப்பொளியை உணரும் ஆற்றலற்றவை. ஆதலின் நெற்றியிலிட்ட குங்குமம் அவற்றிற் கரும்பொட்டாகவே பதிந்தது. அதன் மீது சிவப்பைத் தீட்டியவர், இரசாயனம் இழைத்த பிழையைத் திருத்தியவர் ஆகிறார். ஆனால் அதே தூரிகை தாலிக்கொடிக்கும் காப்புக்கும் பொன்னிறம் தீட்டியபோது வேறொரு பணியையும் ஆற்றியது. ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் உடைமையைக் காட்டும் கலையாக விளங்கியமையை ஜோன் பேர்ஜர் 1972இல் எடுத்துக்காட்டினார். எமது நடுத்தர வர்க்கத்தின் சுவர்ப்படத்திலும், முகத்துக்கு அடுத்தபடியாக நிறம் பெற்றது நகையே என்பது தற்செயலானதன்று. படத்தின் மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் பொறிக்கப்பட்டது. நிறந்தீட்டியவரின் பெயரோ பொதுவாக எங்கும் இடம்பெறவில்லை.

அன்றைய நிறத்தெரிவுக்கும் இன்றையதற்குமுள்ள அடிப்படை வேறுபாடு இப்போது தெளிவாகும். அன்று நிறம் ஓர் உழைப்பினாற் சேர்க்கப்பட்டது. இன்று அது நீக்கப்படுகிறது. அன்று நிறம் பெறாத பகுதி எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதன்று. இன்று நிறமற்றிருப்பதோ பறிக்கப்பட்டதே. ரோலண்ட் பார்த் 1980இல் வெளிவந்த தம் நூலில், கறுப்பு வெள்ளையே படத்தின் மூல உண்மையென்றும், நிறம் பின்னர் ஏற்றப்பட்ட பூச்சென்றும் கருதினார். கமராவின் இன்றைய அமைப்பு இக்கருத்தைத் தலைகீழாக்கிவிட்டது. நிறமே மூலம், கறுப்பு வெள்ளையே பூச்சு.

3

இதனால் நிறத்தெரிவு முற்றாக விலக்கத்தக்கது என நாம் கூறவில்லை. ஐசன்ஸ்டீனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ 1925இல் முதன்முறை காட்டப்பட்டபோது, கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தின் நடுவே கப்பற் கொடி மட்டும் சிவப்பாகத் தோன்றியது. அன்றைய பிலிமில் சிவப்புத் துணி கருமையாகவே பதியும் என்பதால், வெள்ளைக் கொடியைப் படம்பிடித்து, சட்டம் சட்டமாகக் கையினாற் சிவப்புத் தீட்டினர். குங்குமத்தைக் கருமையாக்கிய அதே குறைபாடுதான் இங்கும் தூரிகையை வேண்டி நின்றது. ஆனால் இங்கே நிறம் அலங்காரமன்று, நிகழ்ச்சியே அது. கொடியின் நிறத்தை நீக்கினால் கப்பலில் நிகழ்ந்த மாற்றத்தின் பொருளும் குன்றிவிடும்.

ஸ்பீல்பேர்க்கின் ‘சின்ட்லேர்ஸ் லிஸ்ற்’ (1993) படத்திற் சிறுமியின் சிவப்பு மேலங்கியும் இவ்வாறே. அது எமது கண்ணைக் கூட்டத்திலிருந்து பிரித்துச் செல்வதுபோலத் தோன்றினும், முடிவில் அக்கூட்டத்திடமே திருப்பி அனுப்புகிறது. நிறமற்ற ஒவ்வொருவரும் அவ்வாறு தனித்துக் காணப்படவேண்டியவரே என்னும் உணர்வை எழுப்புகிறது. இவ்விரு உதாரணங்களிலிருந்தும் ஓர் அளவுகோலைப் பெறலாம்: நிறம் பெற்ற பொருள், நிறமிழந்தவற்றோடு தனக்குள்ள உறவை வெளிப்படுத்தவேண்டும். அவ்வுறவை மறைக்குமாயின் அது வெறும் அலங்காரமாகவோ, சில வேளைகளில் அநீதியாகவோ முடியும்.

4

இவ்வளவுகோலைத் தலவிலக் கரையிற் பொருத்திப் பார்ப்போம். கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்த தலவில, புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் பெயர்பெற்றது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஆகஸ்டை ஒட்டியும் நிகழும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் பெருந்தொகையாக வருவர். கத்தோலிக்கர் அல்லாதோரும் அவருட் பலர். கூடாரமடித்துக் குடும்பம் குடும்பமாகத் தங்கும் இக்கூட்டத்திலே, ஒரு தாய் தன் பிள்ளையைப் படமெடுத்து, பிள்ளைக்கு மட்டும் நிறம் அளித்தால் அதிற் குறைகாண இடமில்லை. குடும்பத்தின் ஒருமையை உறுதிப்படுத்துவதே அன்றாடப் புகைப்படத்தின் முதன்மையான சமூகப் பணியென்பதைப் பியர் போர்தியுவும் அவர்தம் சகாக்களும் 1965இல் விளக்கியுள்ளனர். அத்தகைய படத்தில் பின்னணி பின்னணியாக இருப்பது இயல்பே.

ஆயின் அதே முறை கரையின் வாழ்வைப் பதிவுசெய்யும் படத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. கடற்றொழிலாளருக்கு நிறம் என்பது அழகன்று, அறிவு. வானின் நிறத்தில் அவர்கள் காற்றைப் படிக்கின்றனர். நீரின் நிறத்தில் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் அறிகின்றனர். கருவாட்டின் நிறத்தில் அதன் பதத்தைக் காண்கின்றனர். கடலுக்கு மட்டும் நீலத்தை விட்டுவைத்து வாடியையும் வலையையும் மனிதரையும் சாம்பலாக்கும் ஒரு படம், அவ்வறிவு முழுவதையும் அழித்துவிட்டுப் பயணியின் கண்ணுக்குரிய கடலை மட்டும் எஞ்சவிடுகிறது. முன்னர் கூறிய அஞ்சலட்டையின் பார்வையே இங்கு மீண்டும் தோன்றுகிறது.

இது கற்பனை அச்சமன்று. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் 2000களின் பிற்பகுதியில் முன்னெடுக்கப்பட்டபோது, கரைக்கும் பாட்டுக்குமான தமது வழக்கமான உரிமை பறிபோகும் என மீனவர் எதிர்த்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் வந்து தங்கியதும் இப்புத்தளம் மாவட்டத்திலேயே. யாருடைய கரை, யாருடைய நிலம் என்னும் வினா உயிரோடுள்ள இடத்தில், மனிதரைப் பின்னணியாக்கும் படம் நடுநிலையானதாக இருத்தல் இயலாது.

இதே கரையிற் பொருத்தமான நிறத்தெரிவுக்கும் இடமுண்டு. கரைவலையைக் கைகளால் இழுக்கும் காட்சியொன்றில் கயிற்றுக்கு மட்டும் நிறத்தை விட்டுவைப்பதாகக் கொள்வோம். கயிறு ஒவ்வொருவரின் கையினூடாகவும் செல்கிறது. பார்ப்போரின் கண்ணும் அதன் வழியே ஒருவரிலிருந்து மற்றவரிடம் செல்லும். வலைக்குரிய சம்மாட்டிக்கும் இழுப்போருக்கும் பங்கு பிரியும் ஒரு தொழிலில், மீனைக் கரைசேர்ப்பது கூட்டுழைப்பே என்பதை அந்நிறம் புலப்படுத்தும். எவரையும் அது பின்னணியாக்கவில்லை.

5

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, தெரியப்படும் நிறம் படத்தின் பொருளோடு இணைந்ததாதல் வேண்டும். கண்ணைக் கவர்கிறது என்பது மட்டும் போதிய காரணமன்று. இரண்டாவதாக, தெரிவைக் கருவியிடம் விடாது படமெடுப்பவரே செய்யவேண்டும். பொருளைத் தெரியும் முறையோடு நிறத்தைத் தெரியும் முறையையும் செய்துபார்த்தல் நன்று, ஏனெனில் அது பின்னே நிற்பவரையும் எதிர்பாராது வெளிக்கொணரும். மூன்றாவதாக, மூலப்படத்தை நிறத்தோடு பேணுதல் இன்றியமையாதது. நீக்கிய நிறத்தைப் படியிலிருந்து மீட்டல் இயலாது. நான்காவதாக, சான்றாகப் பயன்படும் படங்களில், அதாவது தொழில், இடப்பெயர்வு, நில உரிமை ஆகியன பற்றிய ஆய்வுப் பதிவுகளில், இம்முறையைத் தவிர்த்தலே முறை. தவிர்க்க இயலாதவிடத்து மாற்றம் செய்யப்பட்டமையைப் படத்தின் கீழேயே குறிப்பிடவேண்டும்.

இலக்கியப் பிரதியில் யார் பேசுகின்றனர், யார் பேசவைக்கப்படுகின்றனர், யார் மௌனமாக்கப்படுகின்றனர் என்று வினவப் பழகிய நாம், அதே வினாவை நாள்தோறும் எம் கையிலுள்ள கருவி ஆக்கும் படங்களை நோக்கியும் எழுப்புதல் அவசியமாகும்.