வேகமும் எரிபொருளும்

ஈப்போவிலிருந்து தென்மேற்கே சென்றால் லுமுட் கடற்கரையை அடையலாம். பங்கோர் தீவுக்குச் செல்லும் பயணிகள் படகுகள், மீன்பிடிப் படகுகள், உல்லாசப் படகுகள் எனப் பலவகைப் படகுகளை அங்குக் காணலாம். இவற்றுள் பல டீசல் இயந்திரத்தால் இயங்குகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், தீபகற்ப மலேசியாவின் எண்ணெய் நிலையங்களில் டீசலின் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆகவே, எரிபொருள் சிக்கனம் முன்னிலும் முக்கியமானது. படகுகளைப் பொறுத்தவரை, அதற்கான எளிய வழி வேகத்தைக் குறைப்பதாகும்.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. அதனை விலக்கிக்கொண்டே படகு முன்னேற வேண்டும். வேகம் கூடக்கூடப் படகு எழுப்பும் அலையும் நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்திற்கு ஈடாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின்மீதே ஏற முயல்வது போன்ற நிலை உண்டாகிறது. நீர்மட்டத்தில் 12 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்நிலை மணிக்கு ஏறக்குறைய 8.4 கடல்மைல் வேகத்தில் ஏற்படும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர் ஆகும். அதற்குமேல் இயந்திரத்தை முடுக்கினால், எரிபொருள் செலவு பெருகும்; வேகமோ சிறிதளவே கூடும்.

இந்த எல்லைக்கு உட்பட்ட வேகத்தில், தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது. எடுத்துக்காட்டாக, மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் 16 லிட்டர் டீசலைச் செலவிடும் ஒரு படகைக் கருதுவோம். அதன் வேகத்தை 6 கடல்மைலாகக் குறைத்தால், மணிக்கு 7 லிட்டருக்கும் குறைவாகவே செலவாகும். 24 கடல்மைல் பயணத்திற்கு முன்னது மூன்று மணி நேரத்தில் 48 லிட்டரையும், பின்னது நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 27 லிட்டரையும் செலவிடும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வதால் 21 லிட்டர், அதாவது 3.35 ரிங்கிட் விலையில் ஏறத்தாழ 70 ரிங்கிட் மிச்சமாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாவதால், சுற்றுச்சூழலும் பயனடைகிறது.

விரைவுப் படகுகளின் அமைப்பு சற்று வேறுபட்டது. அவற்றின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால், மிகுந்த வேகத்தில் நீரின் மேற்பரப்பில் எழும்பிச் சறுக்கிச் செல்லும். அவ்வாறு எழும்புவதற்கு முன், முகப்பு உயர்ந்தும் பின்பகுதி தாழ்ந்தும் செல்லும் இடைநிலை வேகமே வீண்செலவு மிக்கது.

2008ஆம் ஆண்டு கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 140 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அக்காலக்கட்டத்தில் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்களும் வேகத்தைக் குறைத்துச் செலவைக் கட்டுப்படுத்தின. எனினும், எப்பொழுதும் மெதுவாகவே செல்வதும் முறையன்று. டீசல் இயந்திரம் நெடுநேரம் மிகக் குறைந்த சுமையில் இயங்கினால், அதனுள் கரி படியும். புயல் நெருங்கும்போது விரைந்து கரை சேர்வதே பாதுகாப்பானது. மற்ற வேளைகளில், அடிப்பகுதியில் ஒட்டும் சிப்பிகளையும் பாசியையும் அகற்றி, நீரோட்டத்தின் போக்கறிந்து, அளவான வேகத்தில் செல்வதே சிறந்தது. பதறாத காரியம் சிதறாது என்பது கடற்பயணத்திற்கும் பொருந்தும்.