டேங்க் மூடி கற்றுத்தந்த பாடம்

என் பழைய மோட்டார் சைக்கிள் பள்ளிக்கு வரும் வழியில் நின்றுவிடும்; சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும். பிளக் மாற்றியும் பயனில்லை. வகுப்பில் வாய் திறக்காத எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "டேங்க் மூடியைத் திறந்து பாருங்க சார்" என்றான். திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. வண்டி கிளம்பியது.

மூடியின் காற்றுத்துளையைத் தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய டேங்கினுள் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறையும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. துளையைச் சுத்தம் செய்ததும் சரியானது.

மற்ற குழாய்களையும் பார்த்தோம். என்ஜினின் பிரீதர் குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியே ஆயில் கசியும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்தால் கூடுதல் காற்று புகுந்து ஐடிலிங் தடுமாறும்.

வகுப்பறையில் பெட்ரோல் வேண்டாம். தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிடுங்கள். மூடியை இறுக்கினால் நீர் நிற்கும், திறந்தால் ஒழுகும். வளிமண்டல அழுத்தப் பாடத்தில் இதை அந்த மாணவனையே செய்துகாட்டச் சொன்னேன். இப்போது அவன் வகுப்பில் கேள்வி கேட்கிறான்.