வயிறு நிறையும் பலகாரம்

வயிறு நிறைய வேண்டும். இடுப்பு வேஷ்டி இறுகக் கூடாது. இவ்விரண்டு வரங்களையும் ஒருங்கே கேட்டால் எந்தத் தெய்வமும் சற்று யோசிக்கத்தான் செய்யும். ஆயினும் நம் குடும்பங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் காலையில் கண் விழித்ததும் கேட்கும் வரம் இன்று இதுவாகத்தான் இருக்கிறது. வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆகாரத்தைக் குறையுங்கள், ஸார்!" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார். எதைக் குறைப்பது, எப்படிக் குறைப்பது என்று விளக்க அவருக்கு அவகாசமில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். வீடு திரும்பிய மனிதர் மறுநாள் முதல் காலைப் பலகாரத்தையே துறந்துவிடுவதாகச் சபதம் செய்கிறார். சபதம் பதினொரு மணி வரையில் நிற்கிறது. அப்புறம் ஆபீஸுக்கு எதிரேயுள்ள கடையில் இரண்டு உளுந்து வடை, ஒரு காப்பி! வீட்டில் துறந்துவிட்டு வந்த மூன்று இட்லியின் கணக்கை அந்த வடையும் காப்பியும் அநாயாசமாகத் தாண்டிவிடுகின்றன.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, நம் தேசத்தில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோய் உள்ளவர்கள் என்று கணக்கிட்டது. நம் பாட்டனார் உண்ட அளவை எண்ணிப் பார்த்து நாம் பெருமை கொள்வதுண்டு. அவர் நாலு மைல் நடந்து வயலுக்குப் போனார். நாம் மாடிப் படி ஏறுவதற்கும் மின்சாரத்தை நாடுகிறோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (இது ஆதியில் 1918-ல் நமது குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் ஒரே அறையில் தொடங்கிய ஸ்தாபனம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம்) 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் ஆண் மகனுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2110 கலோரி, பெண்ணுக்கு 1660. இதில் காலைப் பலகாரத்துக்கு 300 அல்லது 350-க்கு மேல் ஒதுக்கினால் மற்ற வேளைகளில் கை வைக்க வேண்டி வரும்.

கலோரி என்பது உஷ்ணத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய உஷ்ணம், உணவுக் கணக்கில் ஒரு கலோரி. அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்னும் பேராசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதைத் தீர ஆராய்ந்து, மாவுச் சத்து கிராமுக்கு 4, புரதச் சத்து 4, கொழுப்பு 9 என்று வகுத்து வைத்தார். இன்றும் அந்தக் கணக்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்த எண் பசியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஒரு பலகாரத்தில் எவ்வளவு உஷ்ணம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதை உண்டபின் எத்தனை நேரம் வயிறு சும்மாயிருக்கும் என்பது முற்றும் வேறொரு கேள்வி. இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான், குறைக்கப் புறப்பட்டவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்து பாதியில் திரும்பி வருகிறார்கள்.

இந்த இரண்டாவது கேள்வியை 1995-ல் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி சர்வகலாசாலையில் ஸுஸானா ஹோல்ட் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். 38 வகை உணவுகளைச் சரியாக 240 கலோரி வரும்படி அளந்து கொடுத்தார்கள். உண்டவர்களைக் கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு மணி நேரம் வரையில், "இப்போது பசி எப்படி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வெள்ளை ரொட்டி தரும் திருப்தியை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார்கள். வெண்ணெய் மடித்துச் சுடும் குரோஸான் என்ற பிரெஞ்சுப் பலகாரம் 47 பெற்றுக் கடைசியில் நின்றது. முட்டைக்கு 150, ஆரஞ்சுக்கு 202, ஓட்ஸ் கஞ்சிக்கு 209. யாவற்றிலும் முதல் ஸ்தானம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வெறும் வேக வைத்த உருளைக் கிழங்குக்கு! அது பெற்ற எண் 323. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தபோது 116-க்கு இறங்கிவிட்டது. கிழங்கு ஒன்றே, கலோரியும் ஒன்றே. எண்ணெய் புகுந்தவுடன் தட்டில் இருந்த அளவு சுருங்கிப் போயிற்று, திருப்தியும் சுருங்கிப் போயிற்று. தண்ணீரும் நாரும் புரதமும் மிகுந்து, கனமாகத் தட்டை நிரப்பியவை வயிற்றையும் நிரப்பின என்று கண்டார்கள்.

அப்படியானால் பலகாரத்தோடு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையில் பார்பரா ரோல்ஸ் அம்மையாரின் குழுவினர் 24 பெண்களுக்குப் பகல் உணவுக்கு முன்பாக ஓர் உணவு கொடுத்தார்கள். ஒரு நாள் கோழியும் அரிசியும் காய்கறியும் சேர்ந்த கெட்டியான பதார்த்தம்; ஒரு நாள் அதே பதார்த்தம், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்; மற்றொரு நாள் அந்தத் தண்ணீரையும் உள்ளே விட்டுக் காய்ச்சிய ஸூப். ஸூப் அருந்திய நாளில் மட்டும் அப்பெண்கள் பகல் உணவில் 100 கலோரி அளவு குறைவாக உண்டார்கள். தனியாகக் குடித்த தண்ணீரால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. உணவோடு கலந்து வெந்த தண்ணீர்தான் வயிற்றில் தங்கி வேலை செய்கிறது.

இதைப் படித்ததும் நமக்குக் கஞ்சியும் கூழும் நினைவுக்கு வந்தன. சாம்பாரும் நினைவுக்கு வந்தது. சகோதரிகளே, இனி அடுப்பங்கரைக்குள் வருவோம்.

சாதாரண அளவுள்ள இட்லி ஒன்றில் ஏறக்குறைய 40 முதல் 60 கலோரி வரை இருக்கும். ஆவியில் வெந்ததால் எண்ணெய் இல்லை. உளுந்து சேர்ந்திருப்பதால் புரதமும் கொஞ்சம் உண்டு. ஆகவே இட்லியின் மேல் நமக்குக் குற்றம் சாட்ட ஒன்றுமில்லை. குற்றவாளி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மிளகாய்ப் பொடிக்குக் குழைக்கும் நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்றால் 90 கலோரி. அதாவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இட்லி! தேங்காய்ச் சட்னியும் தாராளமாக விழுந்தால் இதே கதைதான். மூன்று இட்லியைப் பரங்கிக்காயும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிறையப் போட்ட சாம்பாரில் மிதக்க விட்டு உண்டு பாருங்கள். பகல் வரையில் பசி எட்டிப் பார்க்காது.

வெண்பொங்கலைப் பற்றி எழுத நம் பேனா தயங்குகிறது. எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 50 கிராம் அரிசியும் 20 கிராம் பயற்றம் பருப்பும் போட்டால் ஏறக்குறைய 240 கலோரி. மேலே 30 கிராம் நெய் விட்டால் அதற்கு மட்டும் 270. பொங்கலை விட நெய் பெரிதாகிவிட்டது. நெய்யை ஒரு தேக்கரண்டியாக்கி, அரிசியையும் பருப்பையும் சரி பாதியாக்கி, தண்ணீரைக் கூட்டித் தளர வடித்தால் மிளகும் இஞ்சியும் அதன் மானத்தைக் காப்பாற்றிவிடும். முந்திரிப் பருப்பை எண்ணிப் போடவும்.

ஆனால் எங்களிடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பச்சைப் பயற்றுக்குத்தான் மாலையிடுவோம். தோலோடு கூடிய பயறு 50 கிராமை இரவில் ஊறப் போட்டால் காலையில் தண்ணீர் குடித்துப் பருத்து நிற்கும். அதில் மொத்தம் 170 கலோரி அளவுதான். புரதமோ 12 கிராம், நாரும் வேண்டிய மட்டும். இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து ஆந்திர நாட்டார் பெசரட்டு என்று வார்ப்பதைப் போல இரண்டு தோசை வார்க்கலாம். பழகின கல்லாக இருந்தால் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே போதும். அரைக்கப் பொழுதில்லையென்றால் வேக வைத்துத் தாளித்துச் சுண்டலாகவே உண்ணலாம். நவராத்திரிக்கு மட்டுமே சுண்டல் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கொய்யாப் பழமும் ஒரு டம்ளர் நீர் மோரும் இருந்தால் 300 கலோரிக்குள் காரியம் முடிந்துவிடும். முட்டை உண்பவர்கள் வேக வைத்த முட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு 75 கலோரி.

கடைத்தெருவில் இப்போது சிறுதானியத்துக்கும் ஓட்ஸுக்கும் பெரிய மவுசு. அவற்றைத் தின்றாலே இளைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. கேழ்வரகு, அரிசி இரண்டும் 100 கிராமுக்கு முந்நூற்றுச் சொச்சம் கலோரிதான். ஓட்ஸ் அரிசியை விடச் சற்று அதிகமே. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு என்பது வாஸ்தவம். ஆயினும் அதன் மகிமை கூழில் இருக்கிறது: 30 கிராம் மாவு ஒரு பெரிய செம்புத் தண்ணீரைக் குடித்து, 100 கலோரியில் வயிற்றை அடைத்துவிடும். அதே மாவை நெய்யும் வெல்லமும் விட்டு உருண்டை பிடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பழைய சோறும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. சோறு ஒரு பங்கு, நீரும் மோரும் இரு பங்கு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ஊறுகாய் வேண்டாம்.

காப்பியைக் குறித்து எழுதினால் வீட்டில் யுத்தம் மூளும் என்று அஞ்சுகிறோம். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த டம்ளர் ஒன்று 100 கலோரி போலாகும் என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். இரண்டாவது டம்ளர் யாருக்கு என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும்.

இதற்குள் ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்கள். காலைப் பிரார்த்தனையில் வரிசையில் நிற்கும் பெண் குழந்தை தலை சுற்றிக் கீழே உட்காருவதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறோம். விசாரித்தால், "மெலிய வேண்டும் என்று சாப்பிடவில்லை, டீச்சர்" என்கிறாள், வயது பதினாலு! மேலே சொன்ன குறைப்புக் கணக்கு ஒன்றும் வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. பள்ளிப் பிள்ளைகளின் காலைப் பசியைப் போக்கத் தமிழ் நாட்டு அரசாங்கம் 2022-ல் மதுரையில் சிற்றுண்டித் திட்டமொன்றையே தொடங்கியது. வசதியுள்ள வீட்டுக் குழந்தை வீம்புக்காகப் பட்டினியோடு வருவது என்ன நியாயம்? அவளுக்குப் பொங்கலில் நெய் விடுங்கள். இன்ஸுலின் போட்டுக்கொள்பவர்களும் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் காலை ஆகாரத்தின் அளவை மாற்றக் கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

இன்னொருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அளந்து பரிமாறிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்தரை மணிக்குப் பாத்திரத்தில் மிஞ்சிய பொங்கலையும் ஆறிப்போன தோசையையும் வீணாக்க மனமில்லாமல் உண்டு முடிப்பவர். குடும்பத் தலைவருக்குக் கணக்குப் பார்த்த அந்த அம்மாளுக்குக் கணக்குப் பார்க்க யாரும் இல்லை. இரவில் பயறு ஊறப் போடும்போதே அவருக்கென்று ஒரு பிடி கூடப் போட்டு, எட்டு மணிக்கு மற்றவர்களோடு அவரையும் உட்கார வைத்துவிட்டால், மிஞ்சிய தோசையை மாலையில் பள்ளியிலிருந்து வரும் பையன் பார்த்துக்கொள்வான்.